எடை குறைப்பு ஊசியும் கணையமும்: எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

"வாரம் ஒருமுறை செமாக்ளூடைட் ஊசி போட்டு மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். இது கணையத்தைக் கெடுத்துவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பயந்துபோய் இரத்தத்தில் லிப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தேன், கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது. வலி இல்லை, குமட்டல் மட்டும்தான். நிறுத்திவிடவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்த ஒரு ரிப்போர்ட்டுக்காக நிறுத்த வேண்டாம். கணைய அழற்சி என்று நாங்கள் உறுதிசெய்ய, அதற்கே உரிய வலி, லிப்பேஸ் இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு வேண்டும். இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு லிப்பேஸ் லேசாக ஏறுவது அடிக்கடி பார்ப்பதுதான். வலியே இல்லாதவருக்கு இந்தச் சோதனையைச் செய்து, விளக்க ஆளில்லாமல் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

பயப்பட வேண்டிய வலியே வேறு. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் பாயும், மணிக்கணக்கில் விடாது, மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும், வாந்தி எடுத்த பிறகும் நிம்மதி இருக்காது. உணவைச் செரிக்கக் குடலுக்குப் போக வேண்டிய நீர் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அந்த உறுப்பையே அரிக்கிற வலி அது. அப்படி வந்தால் அடுத்த ஊசி கிடையாது, விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எச்சரிக்கை மருந்துத் தாளிலேயே இருக்கிறது, அதை லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில் சுமார் 17,600 பேரில், செமாக்ளூடைட் போட்டவர்களில் 0.2 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் கணைய அழற்சி வந்தது. எனக்கு அதைவிடக் கவலை பித்தப்பை. எடை மளமளவென்று இறங்கும்போது அங்கே கல் சேரும், ஒரு சின்னக் கல் நழுவிக் கணையத்தின் வாயை அடைத்தால் போதும். அதனால் வலது விலாவுக்குக் கீழே வலித்தாலும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவர் போடலாமா? இந்த ஊசியால் வந்தது என்றால் மறுபடி கூடாது. பித்தக்கல்லால் வந்து, பித்தப்பையையும் எடுத்தாயிற்று என்றால் பேசிப் பார்க்கலாம். ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியதால் வந்தது என்றால் முதலில் அதை இறக்க வேண்டும். குடியால் வந்து, இன்னும் குடிக்கிறார் என்றால் நான் எழுதமாட்டேன். காரணமே தெரியாமல் வந்தவருக்கும் எழுதமாட்டேன், ஏனென்றால் அண்மையில் அழற்சி வந்தவர்களைப் பெரிய ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை.

சரி, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஊசியை எங்கே வாங்குகிறீர்கள்? மருந்துச்சீட்டு இல்லாமல், குப்பியும் இன்சுலின் சிரிஞ்சும் பொட்டலம் கட்டி அனுப்புகிற இடைத்தரகர்களிடம் என்றால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள குப்பி என்று வையுங்கள். தொடக்க அளவு 0.25 மில்லிகிராம், ஒரு மில்லியை நூறு யூனிட்டாகப் பிரித்த சிரிஞ்சில் அது 5 யூனிட் கோடு. 0.25 என்பதைப் பார்த்து 25ஆம் கோடு வரை இழுத்தால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். இப்படி 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு சிலர் மருத்துவமனையில் சேர்ந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் எச்சரித்தது. அதுவும் குப்பிக்குள் இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்று விற்பவனுக்கே தெரியாது. இவர்களைத் தடுக்க வேண்டியவர்கள் அறிக்கை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், நோயாளி எங்களிடம் வந்து படுக்கிறார்.

அப்புறம், எமர்ஜென்சியில் இந்த ஊசியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்றுதான் கேட்பார்கள். நீங்களாகச் சொல்லுங்கள், கடைசியாகப் போட்ட தேதியோடு. நிறுத்தினாலும் சுமார் ஐந்து வாரம் உடம்பில் இருக்கும் மருந்து இது. இப்போதைக்கு உங்கள் குமட்டலுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், அது அடங்கும்வரை அளவைக் கூட்டாமல் இதே அளவில் இருக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.