பஞ்சை அடைக்க அடைக்கக் காது கூசும்

"குக்கர் விசிலும் பாத்திரம் விழும் சத்தமும் காதில் ஊசியாய்க் குத்துகின்றன. பரிசோதனையில் காது நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நாள் முழுவதும் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். பதினோரு மாதம் நான் அதைத்தான் செய்தேன்.

ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு ஒன்று மிக அருகில் வெடித்தது. ஒரு வாரம் காதுக்குள் இரைச்சல். அது அடங்கிய பிறகு, எவர்சில்வர் தட்டுகளை அடுக்கும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. நான் பள்ளி ஆசிரியை. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டு வெளியேறி, காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். முதலில் பார்த்த மருத்துவர் "காதில் கோளாறே இல்லை" என்று அனுப்பிவிட்டார். வீடு வரும்வரை அழுதேன்.

வழக்கமான செவித்திறன் சோதனை, எவ்வளவு மெல்லிய ஒலி நமக்குக் கேட்கிறது என்பதைத்தான் அளக்கிறது. எவ்வளவு ஒலியைத் தாங்க முடியும் என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலோருக்கு 100 டெசிபலை ஒட்டித்தான் ஒலி பொறுக்க முடியாததாகிறது. எனக்கு 70-லேயே ஆனது. இதன் பெயர் ஹைப்பரகூசிஸ். சோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

பஞ்சு ஏன் கூடாது என்பதையும் அவர்தான் விளக்கினார். காதுக்கு வரும் ஒலி குறைந்தால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் கிரெய்க் ஃபார்ம்பி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல காது உள்ளவர்களே இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்தபின் ஒலிகளை முன்பைவிடப் பலமாக உணர்ந்தார்கள். மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டபோது நேர்மாறாக நடந்தது. சிகிச்சையின் அடிப்படையும் அதுதான்: ஒலியைக் கொண்டே காதைப் பழக்குவது.

செவிக்கருவி போன்ற ஒரு சிறு கருவி எனக்குக் கிடைத்தது. தூரத்து மழை போன்ற சன்னமான இரைச்சல் அதில் வரும். தினமும் ஆறு மணி நேரம் அணிந்தேன். முதல் இரண்டு மாதம் மாற்றமே தெரியவில்லை. விட்டுவிடலாமென்று பலமுறை நினைத்தேன். விசில் சத்தம் வருவதற்கு முன்பே நெஞ்சு படபடப்பதற்கு மனநல ஆலோசனையும் பெற்றேன். அதற்காக இது கற்பனை நோயாகிவிடாது. பயம் வலியைக் கூட்டுகிறது, வலி பயத்தைக் கூட்டுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் என் அளவு 90-ஐத் தொட்டது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒலி கேட்டவுடன் தலை சுற்றினாலோ, உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உரத்த ஒலியில், காதுக்குள் இருக்கும் அங்கவடி என்ற சின்னஞ்சிறு எலும்பை இழுத்துப் பிடிக்கும் தசை முக நரம்பால்தான் இயங்குகிறது; அந்த நரம்பு வாடினாலும் ஒலி கூசும்.

வீட்டில் என் மாமியார் கேட்காமலேயே தட்டுகளுக்கு இடையில் பழைய துணி போட்டு அடுக்கினார். அது எனக்குப் பெரிய உதவி. உங்கள் வீட்டாரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். தீபாவளி அன்று நான் இன்றும் காதுகளை மூடும் கவசம் அணிகிறேன். வெடிச் சத்தத்துக்கு யாரும் காதைக் காட்ட வேண்டியதில்லை.

பஞ்சை நாளைக்கே முழுவதுமாக எடுத்துவிட வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் முதலில் அரை மணி நேரம் எடுத்துப் பாருங்கள்.