ஆபீசரம்மா பதில்கள்

(தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நன்னடத்தை அலுவலராகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் பையனுக்கு 17 வயசு. கூட்டாளியோடு சேர்ந்து பைக் திருடினான் என்று பிடித்துப்போய், இப்போது சேலம் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஜெயில்தானே? இனிமேல் கவர்மென்ட் வேலைக்கு எழுதவே முடியாதா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

ஜெயில் இல்லம்மா. விசாரணை முடியும்வரை பிள்ளையை வைத்திருக்கிற இடம். 18 வயசு முடியாதவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கணும்.

2015 சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை ஜாமீனில் விடுவதுதான் வழக்கம். கெட்ட சகவாசத்தில் போய் விழுவான், அவனுக்கே ஆபத்து என்ற மாதிரிக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அதையும் எழுதி வைக்கணும். வக்கீலுக்குக் கடன் வாங்காதீர்கள். 15100-க்குப் போன் போட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். திருட்டு மட்டும் என்றால் சட்டத்தின் கண்ணில் சிறு குற்றம். 4 மாசத்தில் விசாரணை முடியணும், மிஞ்சினால் இன்னும் 2 மாசம். அதற்குள் முடியாவிட்டால் கேஸே போச்சு.

வேலை விஷயம்: குழுமம் முடித்த கேஸால் பையனுக்குத் தகுதிக் குறைவு வராது. அப்பீல் காலம் கழிந்ததும் ரெக்கார்டையே அழிக்கச் சொல்கிறது சட்டம். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும், சிறு வயசுக் கேஸைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஸ்கூல் சர்டிபிகேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வயசுக்கு முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பையனின் வீட்டு நிலையைக் குழுமத்துக்குச் சொல்கிற சமூக விசாரணை அறிக்கை எழுத, என்னைப் போன்ற நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். நான் போன வீடுகளில் பாதியில் வாசல் அப்போதுதான் தெளித்த ஈரமாக இருக்கும், பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் சேர் வந்திருக்கும், ‘எம்புள்ள தங்கம்ங்க’ என்பார்கள். தங்கமா பித்தளையா என்று யார் கேட்டது? ராத்திரி எங்கே படுப்பான், எப்போது ஸ்கூலை நிறுத்தினான், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் ஏன் பாதியில் திரும்பினான், இதைச் சொல்லுங்கள். அவனை எந்த நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

போன மாசம் என் கடையில் இரண்டு செல்போன் போச்சு. எடுத்தவன் 16 வயசுப் பையன். இவனுங்களுக்கு வக்காலத்து வாங்கியே ஆயுசைக் கழித்தீர்களே, வெட்கமாக இல்லையா?
– மாங்காய் மண்டி வியாபாரி, காவேரிப்பட்டணம்

போனது உங்கள் பொருள், கோபம் நியாயம். சும்மா விடச் சொல்லவில்லை. எச்சரிக்கை, அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, 3 வருஷம்வரை பையனை வைத்துத் திருத்துகிற சிறப்பு இல்லம் என்று குழுமத்தின் கையில் எல்லாம் இருக்கிறது. குறைந்தபட்சமே 7 வருஷம் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் 16 தாண்டியவன் சிக்கினால், பெரியவர்கள் மாதிரி விசாரிக்கலாமா என்றே பார்ப்பார்கள். வியாபாரியிடம் கணக்காகவே பேசுகிறேன்: எங்கே அனுப்பினாலும் 19, 20 வயசில் அவன் உங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வருவான். தனியாக வருவானா, உள்ளே பழகிய நாலு பேரோடு வருவானா?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன். இந்த வேலைக்கு வர ஆசை. முக்கியமாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– மாணவி, ஓசூர்

பஸ் டைம். கேலி இல்லை. பென்னாகரம் தாண்டி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வர அன்றைய பொழுது சரியாகிவிடும். அதற்கு சோம்பல்பட்டு ஒரு தடவை ஆபீசிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். போலீஸ் பேப்பரில் இருந்ததைப் பார்த்து ‘தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், கண்டிப்பு இல்லை’ என்று போட்டேன். குழுமத்தில் அதை வாசித்தபோது அந்தப் பையன் தலையைத் தூக்கி, ‘எங்கப்பா செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க மேடம்’ என்றான். அடுத்த பஸ்ஸில் போனேன். மண் சுவரில் அப்பா போட்டோ, காய்ந்த சாமந்தி மாலை. கீழே ஆணியில் அவர் சட்டை. அதைத்தான் போட்டுக்கொண்டு அவன் கல் குவாரிக்குப் போயிருக்கிறான், 15 வயசில். அறிக்கையை முதலிலிருந்து மாற்றி எழுதினேன்.

சட்டத்தையும் படி. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 6-ம் பிரிவை விட்டுவிடாதே. 18 ஆனதும் கதை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றம் இல்லையென்றால், 21 வயசுக்குள் இருப்பவனை ஜெயிலுக்கு அனுப்ப கோர்ட் காரணம் எழுதணும், நம் அறிக்கையையும் கேட்கணும். சம்பளத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பையன்கள் இப்போது உங்களைப் பார்த்தால் பேசுவார்களா?
– வாசகர், அரூர்

சிலர் பேசுவார்கள். போன தை மாசம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என்னைப் பார்த்தான். கண்ணில் தெரிந்தது, அடையாளம் கண்டுவிட்டான். பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அவளிடம் என்னை யாரென்று சொல்வான், பாவம்? நான் திரும்பி, ஒகேனக்கல் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி நின்றுகொண்டேன்.