பரணிலிருந்து வந்த பேஸ்பால் கார்டுகள்: அசலா, மறுபதிப்பா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மாதக் கடைசியில் மகளோடு போய்விடுகிறார். பரணைக் காலி செய்யும்போது கிடைத்த, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளை ஷூ பெட்டியோடு என் 12 வயது மகனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த ஆட்டமே புரியாது. பையனோ இரண்டு வாரமாக அதிலேயே கிடக்கிறான். 1952 மிக்கி மேன்டில் கார்டு ஒன்று இருக்கிறதாம், கோடிக்கணக்கில் போகுமாம். உண்மையா? அழுக்கைத் துடைத்து லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: முதலில் லேமினேட் மெஷினைத் தூர வையுங்கள். ஈரத்துணி, ரப்பர் எதுவும் வேண்டாம். துடைத்த கார்டைவிட அழுக்குக் கார்டுக்கே மதிப்பு. ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், ஓரத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

பையன் சொன்ன கோடிக் கணக்கு பொய்யில்லை. கார்டு அச்சடிக்கும் டாப்ஸ் நிறுவனத்தின் 1952 வரிசையில் 311-ஆம் எண் கார்டு, அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர் மேன்டில். மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மேன்டில் இருந்த அந்த வரிசையின் கடைசிப் பகுதி சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் 1983-இல் டாப்ஸே அந்த வரிசையை மறுபதிப்பு போட்டது. வீடுகளில் கிடைக்கும் ‘1952 மேன்டில்’ பெரும்பாலும் ஏதாவதொரு மறுபதிப்புதான். சோதிக்க நிபுணர் வேண்டாம், ரம்மி ஆடும் சீட்டுக்கட்டு போதும். அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, கீழ் விளிம்பு சேரும்படி கார்டின் மேல் வையுங்கள். சீட்டின் நீளம் மூன்றரை அங்குலம். 1952 முதல் 1956 வரை வந்த டாப்ஸ் கார்டுகள் மூன்றே முக்கால் அங்குலம். அசலாக இருந்தால் மேலே கால் அங்குலம் எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கோடிக் கனவை அங்கேயே மடித்து வைத்துவிடலாம். எட்டிப் பார்த்தாலும் துள்ள வேண்டாம். பழைய அளவிலேயே போலி அடிப்பவர்களும் உண்டு.

அடுத்தது பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னது போதும். அசலில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பெயர் எழுத்துகளும் கட்டக் கோடுகளும் புள்ளியில்லாமல், தீர்க்கமாக விழுந்திருக்கும். கார்டைப் படமெடுத்து அச்சடித்த போலியில் எழுத்துமே புள்ளிகளாக உடைந்து நிற்கும். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு பழைய சாமான் சந்தையில், 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த டி206 கார்டு என்று ஒன்றை வாங்கி வந்தேன். பழுப்பேறி, முனை மழுங்கி, பார்க்க நூறு வயசுதான். கண்ணாடியில் பார்த்தால் பெயர் முழுக்கப் புள்ளி. பழுப்பு நிறம் டீத்தண்ணீர் உபயம்!

மற்ற கார்டுகளுக்கு முகத்தைவிட முதுகுதான் பேசும். ஆண்டுவாரியாக ஆட்டக் கணக்கு அச்சாகியிருந்தால் கடைசி ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள். பெரும்பாலும் அதுதான் கார்டு வெளியான வருடம். பெட்டியில் 1987 முதல் 1992 வரையிலான கார்டுகளே நிறைந்திருந்தால் விற்கும் எண்ணத்தை விடுங்கள். அந்தக் காலத்தில் முதலீடு என்று ஊரே வாங்கிப் பூட்டி வைத்தது, நிறுவனங்களும் அடித்துத் தள்ளின. சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயரே ‘ஜங்க் வேக்ஸ்’, அதாவது மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை. 1950, 60-களின் கார்டு கொஞ்சம் இருந்தால், வில்லி மேஸ், ஹேங்க் ஆரன், ஜாக்கி ராபின்சன் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்களின் கார்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். பிஎஸ்ஏ மாதிரி தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால் இவற்றை மட்டும் அனுப்பலாம். சாதாரண ஆட்டக்காரரின் கார்டுக்குக் கட்டணமே கார்டு விலையைத் தாண்டிவிடும். பெரிய அளவுக் கார்டுகளை ஒன்பது பை உள்ள ஆல்பத் தாளில் திணிக்காதீர்கள், எட்டுப் பைத் தாள் என்று கேட்டு வாங்குங்கள்.

பரணில் புதையல் கிடைப்பதே இல்லை என்று சொல்லவரவில்லை. 2012-இல் ஒஹையோவின் டிஃபையன்ஸ் ஊரில், தாத்தா வீட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டியில் சுமார் 700 கார்டுகள் கிடைத்தன. 1910 வாக்கில் மிட்டாயோடு வந்தவை, கைபடாதவை போல இருந்தன. டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர் என்று அந்தக் கால நட்சத்திரங்கள் எல்லாருமே அதில் உண்டு. ஆனால் பழைய கார்டுகளுக்குள் பலர் நுழைவது இப்படிக் கிடைத்த லாட்டரியால் அல்ல; உங்கள் பையனைப்போல யாரோ கொடுத்த பெட்டியால்தான். அவனுக்கு ஆசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், பக்கத்தில் கார்டு ஷோ நடக்கும்போது இருபது டாலர் கொடுத்துக் கூட்டிப்போங்கள். மடிப்பு விழுந்த, யாரும் சீந்தாத 1950-களின் கார்டுகள் சில அந்தக் காசுக்கே வரும். மடிப்பிருக்கும் கார்டைப் பயமில்லாமல் கையில் எடுத்துப் பார்க்கலாம், பழைய அட்டை எப்படியிருக்கும் என்று விரலுக்கும் பழகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. அந்தப் பெரியவர் கிளம்புவதற்குள் பையனை ஒரு நோட்டோடு அவரிடம் அனுப்புங்கள். எந்தக் கடையில் வாங்கினார், யாரோடு மாற்றிக்கொண்டார், எது சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிச் சடசடவென ஓட்டிய கார்டு என்று கேட்டு எழுதி வரட்டும். மேன்டில் எந்த வருடம் கைக்கு வந்தது என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். 1983-க்கு முன்பே வந்தது என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.