தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் என் வேலை போய்விடுமா?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களை வரைபவனாக இருக்கிறேன். வயது 47. ஹெல்பராகச் சேர்ந்தவன், 26 வருடம் சாம்பிள் பிரிவிலேயே போய்விட்டது. ஆறு மாதத்துக்கு முன் உடுப்பைத் திரையில் முப்பரிமாணமாகக் காட்டும் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதற்கென்று ஃபேஷன் டெக்னாலஜி படித்த ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆர்டர் தரும் பையர் திரையில் பார்த்தே ஓகே சொல்லிவிடுகிறார். ஐந்து சாம்பிள் டெய்லர்களில் இருவரை மொத்தத் தையல் நடக்கும் லைனுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது முதலாளி, “அந்தப் பொண்ணுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுங்க மாஸ்டர்” என்கிறார். சொல்லிக் கொடுத்த பிறகு நான் எதற்கு? கேட்டால் ‘சஸ்டெய்னபிலிட்டி’யாம், சுற்றுச்சூழலைக் காப்பதாம். காசு மிச்சம் பிடிப்பதற்கு வைத்த பெயர்தானே இது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பாதி அப்படித்தான். முதல் மாதிரியான ப்ரோட்டோ, அளவு பார்க்கும் ஃபிட், எல்லா அளவிலும் தைக்கும் சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் என்று ஒரே ஸ்டைல் எத்தனை முறை விமானம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு சுற்று திரையிலேயே முடிந்தால் துணி, கூரியர், நாள் மூன்றும் மிச்சம். 2020இல் கொரோனாவால் கூரியர் தடுமாறியபோது பல பையர்கள் இதற்குப் பழகிக்கொண்டார்கள்.

மீதிப் பாதி சட்டம். விற்காத துணிமணிகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்கு 2026 ஜூலை 19 என்று தேதி குறித்திருக்கிறார்கள். குவித்துத் தைத்து, விற்றது போக மிச்சத்தைக் கொளுத்தும் பழக்கத்துக்கு இது கடிவாளம். ஆர்டர்கள் சிறிதாகும், ஸ்டைல்கள் கூடும், ஒவ்வொன்றுக்கும் சாம்பிள் தைத்து அனுப்பக் கட்டுப்படியாகாது என்பது என் ஊகம். பசுமைப் பேச்சு வெறும் பேச்சாக நிற்காது என்பதைத் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், சாயநீர் ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகாது என்று காட்டிய பிறகே அவை ஒவ்வொன்றாகத் திறந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது. ஆனால் ஒளித்து வைத்தால் தொழில் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். நான் பத்திரிகைக்கு வந்த புதிதில், பக்கங்களைக் கத்தரித்து ஒட்டும் மூத்தவர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் எங்களில் யாருக்கும் எதையும் சொல்லித் தரவில்லை. ஆறே மாதத்தில் அவர் இல்லாமலே இதழ் வந்தது. பக்கங்கள் கண்றாவியாக இருந்தன. ஒரு வாசகர்கூடப் புகார் எழுதவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் நிலைமை அவருடையதைவிட மேல். காரணம், துணி. நூலின் முறுக்கால், துவைத்ததும் சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணியின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிவிடும். திரையில் நிற்கும் பொம்மைக்கு அதெல்லாம் நடக்காது. அது துவைக்காத பனியனையே போட்டுக்கொண்டு நிற்கும். பையர் 70 செ.மீ. நீளம் கேட்கிறார், துணி 5 சதவீதம் சுருங்கும் என்றால் பேட்டர்னில் ஏறக்குறைய 73.7 செ.மீ. வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மெஷின் போட்டுவிடும். ஆனால் அந்த 5 எங்கிருந்து வருகிறது? பிறகு சுருங்காமலிருக்கத் துணியை முன்கூட்டியே நெருக்கும் காம்பாக்டிங் சரியாக வந்ததா, இந்த லாட்டை நம்பலாமா என்பதைத் துணியைக் கையில் கசக்கிப் பார்த்தே சொல்பவர் நீங்கள். தப்பான எண்ணைக் கொடுத்தால் தப்பான பனியனையே திரை அழகாகக் காட்டும்.

அதனால் சாஃப்ட்வேர் முழுவதையும் கற்க வேண்டியதில்லை. துணியின் எடை, இழுவை, சுருக்கம் எல்லாம் பதிவாகும் பகுதி ஒன்று இருக்கும். அதை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் டீ நேரத்தில் ஆரம்பியுங்கள். பதிலுக்கு அவளை மேசையிலிருந்து எழுப்பிக் கட்டிங் டேபிளுக்கு அழைத்துப் போங்கள். பையருக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலையும் நீங்களும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று கேளுங்கள். முதலாளியிடம் வாயளவில் வேண்டாம். பொறுப்பும் சம்பளமும் தாளில் வரட்டும். சொல்லிக் கொடுக்கத் தொடங்கும் முன்பே, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த இரண்டு டெய்லர்கள். முழு உடுப்பையும் தனியாளாகத் தைக்கத் தெரிந்தவர்களை லைனில் ஒரே ஆபரேஷனில் உட்கார வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இப்போது பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா? முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. விசாரித்து எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.