ஐயா பெட்டகத்துக் காலித் தோட்டாக்கள்: மறுபடி நிரப்பலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். ஐயாவின் .315 ரைஃபிள் இப்போது என் பெயரில், லைசென்ஸோடு இருக்கிறது. இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தில் 60 காலித் தோட்டாக்கள் கிடைத்தன. ‘ரீசைஸ் பண்ணி (பழைய அளவுக்கு அமுக்கி) மருந்து போட்டுத் தருகிறேன்’ என்கிறார் புரோக்கர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், தோட்டா செய்ய அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதற்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை போகும். அந்தப் புரோக்கர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தோட்டா உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, உறையின் பித்தளையே இதற்கு ஒத்துவராது. சுட்டதும் உறை துப்பாக்கியின் அறை அளவுக்கு உப்பும். டை என்கிற அச்சில் அமுக்கினால் பழைய அளவு வரும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் கழுத்துப் பக்கம் நகர்ந்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். அங்கே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், அடுத்த சூட்டில் உறை அந்த இடத்தில் அறுந்து, சூடான வாயு போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) பக்கம் பீய்ச்சி முகத்தில் அடிக்கலாம். இறுகிப்போன கழுத்தைப் பதப்படுத்துகிறேன் என்று முழு உறையையும் நெருப்பில் போட்டு எடுப்பவர்கள் உண்டு. அடிப்பகுதி மென்மையாகிவிட்டால் அழுத்தம் தாங்காது.

பழசு என்றால் இன்னொரு வில்லங்கம். பிரிட்டிஷ் காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்து அம்மோனியா இறுகிய பித்தளையைத் தின்றதுதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். நம்மூர் மாட்டுக் கொட்டகைக் காற்றிலும் அதே அம்மோனியாதான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் காட்டுவார்கள். அழுக்குப் போகும், விரிசல் போகாது.

‘அப்படியானால் வீட்டில் வைத்திருப்பதே குற்றமா?’ என்று பயப்பட வேண்டாம். காலி உறை போன்ற தோட்டாவின் சில்லறைப் பாகத்தை, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாமல் வைத்திருந்தால் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பட்டாலையில் கண்ணாடிக்குள் வையுங்கள், தடையில்லை. பக்கத்திலேயே மருந்துப் பொட்டலமோ புதுக் கேப்போ (ஊசி குத்தியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்தால் நோக்கமில்லை என்று யாரும் நம்பமாட்டார்கள். வெறும் பித்தளை மட்டும் இருக்கட்டும்.

லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கையைக்கூடக் கடையில் வாங்க முடியாமல், ரினிவலுக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்க விட்டால் இப்படிப் புரோக்கர்கள் முளைக்கத்தான் செய்வார்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள். 60-ஐயும் கவிழ்த்துக் கேப்பைப் பாருங்கள். ஊசி குத்திய தடம் இல்லாதது காலித் தோட்டா அல்ல; குண்டு இல்லாவிட்டாலும் கேப்பு வெடிக்கும். அடியில் .303 என்றிருந்து உயிரோடும் இருந்தால், அது உங்கள் லைசென்ஸில் அடங்காது. போலீஸ் நிலையத்தில் எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.