ஒரு கமிட்டை மட்டும் எடுத்தால் சேமநிதி இரண்டு முறை பிடிக்குமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான 2 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தத்தை டெவலப் கிளையில், அதாவது புது வேலைகளுக்கான தனிப் பிரதியில், எழுதிவிட்டேன். அதே கிளையில் குலை எடை பதியும் வேலை பாதியில் கிடக்கிறது. இபிஎஃப் கமிட்டை (அந்த மாற்றத்தின் பதிவை) மட்டும் முதன்மையான மெயின் கிளைக்குக் கொண்டுபோகலாமா? பின்னால் முழு மெர்ஜ் (இரு கிளைகளையும் இணைப்பது) செய்யும்போது இரண்டு தடவை பிடித்துவிடாதா?

பதில்: தாராளமாகக் கொண்டுபோகலாம், தம்பி. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், ஒரே ஒரு கமிட்டை மட்டும் இன்னொரு கிளையில் போடும் செர்ரி-பிக் இருப்பதே இதற்குத்தான். டெவலப்பில் லாக் (கமிட் பட்டியல்) பார்த்து அந்தக் கமிட்டின் ஹேஷை (அடையாளக் குறியை) குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு எழுத்து போதும். மெயினுக்கு மாறி, கமிட் செய்யாத மாற்றம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு 'கிட் செர்ரி-பிக் -எக்ஸ்' கட்டளையோடு ஹேஷைக் கொடுங்கள். அந்த -எக்ஸை விட்டுவிடாதீர்கள். எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்று செய்திக்கு அடியில் ஒரு வரி சேர்ந்துவிடும். அடுத்த வருடம் உங்கள் இடத்தில் உட்காருபவருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

மெயினில் இது புது ஹேஷோடு வரும், அதனால் லாகில் ஒரே வேலை இரண்டு கமிட்டாகத் தெரியும். பயப்பட வேண்டாம். மெர்ஜ் செய்யும்போது கிட் கமிட்டுகளை எண்ணிக் கூட்டுவதில்லை. இரண்டு கிளையும் பிரிந்த இடத்தையும், இப்போது இரண்டும் நிற்கும் நிலையையும் வைத்துப் பார்க்கிறது. இரு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் என்றால் ஒரு முறைதான் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செர்ரி-பிக் செய்த பிறகு, மெயினிலோ டெவலப்பிலோ யாராவது அதே வரியை, அல்லது ஒட்டிய வரியைத் தொட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். மெர்ஜ் அங்கே மோதி நிற்கும். ஏழு இடப்பக்க அம்புக்குறி, ஒரு பக்கத்து வரிகள், ஏழு சமக்குறி, மறுபக்கத்து வரிகள், ஏழு வலப்பக்க அம்புக்குறி என்று கோப்பிலேயே போட்டுக் காட்டும். எடிட்டரில் மேலே பட்டன்கள் வரும். இரண்டையும் வைத்துக்கொள் என்று ஒன்று இருக்கும். அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். அழுத்தினால் பிடித்தத்தைக் கூட்டும் வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை உட்கார்ந்துவிடும். 1,700 வெள்ளி சம்பளத்தில் 34 வெள்ளி போக வேண்டியவருக்கு 68 போய்விடும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. அப்படி வந்த சம்பளச் சீட்டை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத அந்த மனிதர் கிராணியிடம் கேட்கக்கூட இல்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் மோதல் வந்தால் பட்டனைத் தொடாதீர்கள். எந்த வரி நிற்க வேண்டும் என்று நீங்களே படித்து, மற்றதைக் கையால் அழியுங்கள். குழம்பிவிட்டால் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' (git merge --abort) கொடுங்கள், பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் இதே வேலைக்கு 'கிளை இணைப்பு' என்று பெயர் வைத்து நூற்றுக்கணக்கில் பில் போடும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன தெரியுமா? டெவலப்பிலிருந்து முழுக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்து மெயினில் ஒட்டுவது. உங்கள் பாதி வெந்த எடைக் கணக்கும் கூடவே போய்விடும். அதைவிட மோசம், ரெப்போவையே, அதாவது எல்லாக் கோப்பும் கமிட்டும் இருக்கும் களஞ்சியத்தையே, தங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். பில் தகராறு வந்த அன்றைக்குத் தோட்டத்துக்குக் கதவு சாத்தப்படும். தலைமை அலுவலகமோ மூன்று கொட்டேஷன் வாங்கி விலையை மட்டும் பார்க்கிறது. ரெப்போ யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை தடவை எழுதினாலும் இது மாறவில்லை, எனக்கு அலுத்துவிட்டது. இன்றே பாருங்கள்: உரிமையாளர் இடத்தில் நிறுவனத்தின் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் செர்ரி-பிக்குக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், மெர்ஜ் முடிந்ததும் சம்பள நாளுக்குக் காத்திருக்காமல் சோதனைக் கணக்கில் 1,700 வெள்ளிக்கு ஒரு சீட்டை ஓட்டுங்கள். தொழிலாளி பக்கம் 34, முதலாளி பக்கம் 34 வர வேண்டும்.