நண்பர்களுக்கு எந்தப் படத்தை, எப்போது தருவது?

கேள்வி: என்னை உலுக்கிய படங்களை நண்பர்களும் பார்க்க வேண்டும் என்று ஆசை. வாட்ஸ்அப் குழுவில் 22 படங்களின் பட்டியல் போட்டேன்; ஒருவரும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நான்கு பேரை வீட்டுக்கு அழைத்து, பிரியாணி போட்டு, ‘கம் அண்ட் சீ’ திரையிட்டேன். ஒருவன் தூங்கிவிட்டான். ஒருவன் போனை நோண்டிக்கொண்டே இருந்தான். பாதியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போன ஒருவன் கடைசிவரை இறங்கி வரவில்லை. “எதுக்குடா இதையெல்லாம் பாக்குற?” என்றான் நான்காமவன். எங்கே தவறினேன்? இனி எந்தப் படத்தைப் போடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: உங்கள் ரசனையில் குறை இல்லை. எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த அந்தச் சோவியத் படம் மகத்தானதுதான். ஆனால் நாஜிகளின் பிடியில் இருந்த பெலாரஸில் ஒரு சிறுவனின் முகம் கிழடுதட்டிப் போவதை 142 நிமிடம் கூடவே இருந்து பார்க்க வைக்கும் படம் அது. குண்டு விழுந்ததும் அவன் காதில் கேட்கும் இரைச்சலை நம் காதிலும் போட்டுவிடுவார்கள். மூச்சுவிட எங்கேயும் இடம் தராது. இப்படிப்பட்ட படங்களில் பத்துப் பார்த்துப் பழகியவருக்குப் பதினோராவதாகத் தர வேண்டியதை, முதல் படமாக, வயிறு நிறைந்த நேரத்தில் போட்டுவிட்டீர்கள்.

முதலில் அந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். 22 பெயர்களைப் பார்ப்பவருக்கு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் தோன்றும். குழுவில் போட்டது யாருக்கும் தனியாகச் சொன்னதாக ஆகாது. ஒரு ஆளுக்கு ஒரு படம், அவருக்கு மட்டும் தனிச்செய்தியில். அதை அவர் பார்க்கும்வரை அடுத்த பெயரைச் சொல்ல வேண்டாம்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நண்பரின் வாழ்க்கையில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஆபீஸ் வேலைக்கு நடுவே சரியாகக் கவனிக்க முடியாமல், பத்தே நாளில் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு உறுத்தலோடு இருப்பவருக்கு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953, 136 நிமிடம்) தரலாம். ஒனோமிச்சியிலிருந்து வரும் வயதான தம்பதிக்கு, டாக்டர் மகனும் அழகு நிலையம் நடத்தும் மகளும் நேரம் ஒதுக்க முடியாமல் தவிக்கிறார்கள். லீவு போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது, போரில் கணவனை இழந்த மருமகள்தான். செலவு குறையும் என்று பெற்றோரை அட்டாமி கடற்கரை விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூக்கமில்லை. மறுநாள் காலையில் கடலோரத் தடுப்புச்சுவரில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கே போய்விடலாம் என்று எழும்போது அம்மாவுக்கு ஒரு கணம் தள்ளாடுகிறது. அவ்வளவுதான் காட்சி. இதுவரை ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று நெளிந்துகொண்டிருந்தவர் இங்கே நிமிர்ந்து உட்காருவார். அதனால் ‘அட்டாமி வரைக்கும் பொறு’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் தாயின் கடைசி நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போன நண்பர் என்றால், இதே படத்தை இப்போதைக்குத் தர வேண்டாம்.

சொந்த வீடு கட்டி, கடனும் அப்ரூவலுமாக அலைந்தவருக்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் போகும் காட்சியில் சொக்கலிங்க பாகவதருக்கு வசனமே தேவைப்படவில்லை. அடிதடிப் படம்தான் பிடிக்கும் என்பவருக்கு ‘ஆரண்ய காண்டம்’ (2011). தாதா கதை என்று உட்காருபவரைக் கொடுக்காப்புளி என்ற சிறுவனும் அவன் அப்பாவும் வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். வசைச்சொற்கள் ஏராளம், பெற்றோர் ஹாலில் இருக்கும்போது வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ அனிமேஷன் என்பதால் குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். போரில் அனாதையாகும் அண்ணன் தங்கை பசியில் கரைவதுதான் கதை. தான் இறந்த தேதியை அந்த அண்ணனே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறான். ஆகவே முன்கூட்டிச் சொல்வதால் கதை கெடாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், உடன்பிறந்தவரை இழந்தவர்கள் இதைக் கேட்டு வாங்கினால் ஒழிய நீங்களாகத் தராதீர்கள். 1988இல் ஜப்பான் தியேட்டர்களில் இதையும் ‘மை நெய்பர் டொட்டொரோ’ என்ற குழந்தைகள் படத்தையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். டொட்டொரோ மறுநாளைக்கு இருக்கட்டும்.

செய்தியில் என்ன எழுதுவது? ‘மாஸ்டர்பீஸ்’, ‘பாத்தே ஆகணும்’, ‘கண்டிப்பா அழுதுடுவ’ மூன்றும் வேண்டாம். அழ வேண்டும் என்று சொல்லிவிட்டால், அழுகை வரவில்லையே என்று தன்னையே கவனித்துக்கொண்டிருப்பார். படத்தைக் கவனிக்க மாட்டார். யாரைப் பற்றியது, எவ்வளவு நேரம், எது வலிக்கலாம் என்ற மூன்று விஷயம் போதும். இப்படி: “வயசான அப்பா அம்மா டவுன்ல இருக்கற பிள்ளைங்களப் பாக்க வர்ற கதை. ரெண்டேகால் மணி நேரம், கறுப்பு வெள்ளை, மெதுவாத்தான் போகும். கடைசில ஒரு சாவு இருக்கு. உங்கப்பா வந்துட்டுப் போனப்போ நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, அதான்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவர் படத்தைத் திறப்பார்.

நீங்களே வீட்டில் போடுவதானால் டிவி அமைப்பைப் பாருங்கள். புது டிவிகளில் அசைவை மழமழவென்று ஆக்கும் வசதி இருக்கும்: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம் அதில் சீரியல்போலத் தெரியும், அணைத்துவிடுங்கள். பழைய படங்கள் சதுரத்துக்குப் பக்கமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் முகங்கள் உப்பிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

சப்டைட்டிலை முதல் நாளே மூன்று இடத்தில் சோதியுங்கள்: தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம். எல்லா இடத்திலும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ, விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘எச்’ விசைகளால் சரிசெய்யலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்ட். போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் கணக்கே வேறு என்று பொருள். நொடிக்கு 25 ஃபிரேமுக்குச் செய்த சப்டைட்டில் கோப்பு 23.976 ஃபிரேம் படத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டரை நிமிடம் விலகிவிடும். விசையைத் தட்டி மாளாது, கோப்பை மாற்றுங்கள்.

பிரதியின் தரம் உணர்ச்சியையே மாற்றிவிடும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில், மகள் இறந்தது தெரியாமல் ஹரிஹர் அவளுக்கு வாங்கி வந்த புடவையை நீட்டும்போது தாய் சர்போஜயாவின் அழுகைக் குரல் நமக்குக் கேட்காது, அந்த இடத்தில் தார் ஷெனாய் (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்) ஓங்கி ஒலிக்கும். தேய்ந்த பிரதியில், மலிவான ஸ்பீக்கரில், அது ஏதோ கோளாறுபோலக் கேட்கும். கூட்டத்தில் ஒருவர் ரிமோட்டைத் தேடுவார். 1993இல் லண்டன் லேபில் நேர்ந்த தீ விபத்தில் சேதமான நெகடிவை மீட்டெடுத்து 2015இல் வந்த பிரதி இருக்கிறது. அது கிடைக்கும்வரை காத்திருங்கள்.

நம் ஆட்களுக்கு இடைவேளை பழக்கம். வெளிநாட்டுப் படத்தில் அது இருக்காது என்பதால் எங்கே நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்துவைக்க வேண்டும். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘இகிரு’வில் (1952, 143 நிமிடம்) நாயகன் இறந்துவிட்டான் என்று அறிவித்த பிறகும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படம் பாக்கி இருக்கும். படம் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அங்கேயே டீ கொடுத்து, “இனிமேத்தான் விஷயமே” என்று உட்கார வையுங்கள்.

படம் முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள், “எப்படி இருந்துச்சு?” என்றும் கேட்காதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும். அவர்களாகப் பேசட்டும். பிடிக்கவில்லை என்றால் விளக்கம் சொல்லித் திருத்தப் போக வேண்டாம்.

மொட்டைமாடிக்குப் போன நண்பரிடம் மட்டும் நேரில் போய், “முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது” என்று சொல்லுங்கள். ஏன் எழுந்து போனாய் என்று கேட்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஈரானிய இயக்குநர் மஜித் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வசனம் எளிமை, சப்டைட்டில் படிக்கத் தடுமாறுபவருக்கும் சிரமமில்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். சாப்பாடு படம் முடிந்த பிறகு. போன்களைச் சார்ஜ் போடும் சாக்கில் அடுத்த அறையில் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசிப் பகுதியில் அப்பாவின் சைக்கிளில் என்ன இருக்கிறது என்பது சில நொடிதான் திரையில் தெரியும். அந்த நொடியில் குனிந்திருந்தவர்தான் “அவ்வளவுதானா?” என்று கேட்பார்.